கையை மெதுவாகத் தூக்கும் வகுப்பு

சம்மட்டி தன் அக்காவின் மணிக்கட்டை உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல் கிடந்தன. அக்கா புருஷன் வேலைக்குப் போயிருந்தார்.

அக்காவின் கைப்பைக்குள் அவனுடைய வலி மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன. காலையில் அவனே கொடுத்து வைத்தவைதான். "நான் எவ்வளவு கெஞ்சினாலும் குடுக்காத. காலைப் பிடிச்சாலும் குடுக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான். ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தான். அதற்குள் சட்டை மூன்று முறை வியர்வையில் நனைந்து காய்ந்துவிட்டது. முதுகுத்தண்டின் அடியில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல இருந்தது. கெஞ்சினான், காலைப் பிடித்தான், அக்கா கொடுக்கவில்லை. பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அவன் பையின் வாரைப் பிடித்தான். அந்த வார் அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அதைத் தான் கவனிக்கவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னான். பொய். கவனித்துவிட்டுத்தான் இழுத்தான். ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, துருப்பிடித்த கார் கதவைக் கீலோடு பிடுங்குவதுபோல இழுத்தான். பென்சில் ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அக்கா கத்தக்கூட இல்லை. "தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பையிலிருந்து கொட்டியவற்றில் மாத்திரை அட்டைகளை மட்டும் அவன் பொறுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டவளைத் தாண்டிக் காலெடுத்து வைத்து வெளியே போனான்.

நாற்பத்தொரு வயது. பழைய கார்களை உடைத்துப் பிரிக்கும் பட்டறையில் இருபது வருஷ வேலை. மற்றவர்கள் இயந்திரம் வைத்து அறுப்பதை இவன் சம்மட்டியால் நாலே அடியில் பிரித்துவிடுவான். பெயர் அப்படித்தான் வந்தது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். பட்டறையில் அவனோடு வாக்குவாதம் செய்கிறவர்கள் முதலில் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், தூக்கிக் கட்டியிருந்த லாரி எஞ்சினின் சங்கிலி அறுந்தது. எஞ்சின் நேராக விழுந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஊசலாடி வந்து இடுப்பில் அடித்தது. முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நொறுங்கின. அறுவை சிகிச்சை செய்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று இரண்டானது, இரண்டு ஆறானது. டாக்டர் சீட்டு எழுத மறுத்த பிறகு, பல்லி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவனிடம் வாங்க ஆரம்பித்தான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போன் கவர் விற்கும் கடை அவனுடையது. விற்பது கவர் மட்டுமல்ல.

அக்கா போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். எலும்போடு உலோகத் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள். கட்டோடு வந்து, தம்பி சுருண்டு கிடந்த இடத்தைத் தேடிப் பிடித்து, "மீட்பு இல்லத்துல சேர்ந்துடு. தொண்ணூறு நாள். இல்லைன்னா போலீஸ்ல உண்மையைச் சொல்லிடுவேன்" என்றாள். அவன் சேர்ந்தான்.

அவளுடைய கணவர், சம்மட்டி 'மச்சான்' என்று கூப்பிடுகிறவர், சோப்புத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்ப்பவர். அதிகம் பேசாத மனுஷர். முன்னங்கை இரண்டிலும் நீராவி சுட்ட தழும்புகள். இல்லத்தின் வாசலில் அவனை இறக்கிவிடும்போது ஒரே வாக்கியம்தான் பேசினார்.

"தொண்ணூறாவது நாள் வாசல்ல நிப்பேன். அவளுக்கு எந்தக் கையோ, அதே கை உனக்கு."

முதல் இரண்டு வாரம் சம்மட்டிக்கு எதுவும் சரியாக நினைவில்லை. வாந்தி, பேதி, எறும்பு ஊர்வதுபோலத் தோல். அது அடங்கியபோது பழைய வலி வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வருஷமாக மாத்திரைக்கு அடியில் பதுங்கிக் கிடந்த வலி. பசியோடு எழுந்து வந்த நாய்போல இருந்தது. குனிந்தால் கடித்தது, நிமிர்ந்தால் கடித்தது, தும்மினால் குதறியது.

பதினெட்டாம் நாள் காலை அவனை வகுப்புக்கு இழுத்துப் போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு வாசனைக்கு நடுவே பதினான்கு பேர் நின்றார்கள். எல்லோரும் வலியால் மாத்திரைக்குப் போனவர்கள், அல்லது ஊசிக்குப் போய் வலியோடு திரும்பியவர்கள். சொல்லிக் கொடுத்தவள் ஒரு முன்னாள் மல்யுத்த வீராங்கனை. கழுத்து தூண் மாதிரி, இரண்டு காதும் நசுங்கிப் பணியாரமாக வீங்கியவை, வலது முழங்கால் மடங்காது. அந்த முழங்காலுக்காக அவளும் இதே மாத்திரையில் ஏழு வருஷம் கிடந்தவள். வயது முப்பத்தைந்துதான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் பயில்வான் அக்கா. அவளோ ஆண்கள் எல்லோரையும் அண்ணே என்பாள்.

பயிற்சி என்றால் ஒன்றுமில்லை. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும், எட்டு எண்ணும் வரை. பிறகு மூச்சை விட்டுக்கொண்டே இறக்க வேண்டும், பன்னிரண்டு எண்ணும் வரை. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற வேண்டும். இப்படியே நாற்பது நிமிஷம். இல்லத்தில் இருந்தவர்கள் இதற்கு 'தண்ணிக்குள்ள நடக்கிறது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எங்க வலிக்குதுண்ணே?" என்றாள் அவள்.

"இடுப்புல. முதுகுல. கால் வரைக்கும்."

"வலிக்காத இடம் எது?"

"எல்லா இடமும்தான் வலிக்குது."

"காது மடல் வலிக்குதா?"

பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்துவிட்டான். டிரைவர் அவனுடைய அறைக்காரன், முப்பது வருஷம் லாரி ஓட்டிக் கழுத்தெலும்பு தேய்ந்தவன். சிரித்தது கேலியாக அல்ல. முதல் நாள் அவனிடமும் அவள் இதையேதான் கேட்டிருந்தாள். ஆனால் சம்மட்டிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நாற்காலியைத் தூக்கி வீசினான். அதன் கால் டிரைவரின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கியது. டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. சம்மட்டி இரண்டாவது நாற்காலிக்குக் கை நீட்டினான்.

கை நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை. உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த நொடி அவன் கன்னம் தரையில் இருந்தது, வலது கை முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டு இருந்தது, தோள்பட்டை மேல் பயில்வான் அக்காவின் நல்ல முழங்கால் இருந்தது.

"விடுடி! கொன்னுடுவேன்!"

"சரிண்ணே. அப்புறமா கொல்லுங்க. இப்ப மூச்சை வெளிய விடுங்க."

"உன்னை வெட்டிப் போட்டுடுவேன்!"

"என் அஞ்சு விரலும் உங்க மணிக்கட்டுல இருக்கு. ஒவ்வொரு தடவை முழுசா மூச்சை விடும்போதும் ஒரு விரலை எடுக்குறேன். கத்தினா அந்த விரலைத் திரும்ப வெச்சுடுவேன். உங்க இஷ்டம்."

அவன் கத்தினான். உதறினான். உதற உதறத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வாயில் தரைத் தூசியும் எச்சிலும் கலந்து ஒழுகின. அவனைப் பெற்றவளே கேட்டிராத வசவுகளையெல்லாம் வைதான். அவள் அசையவில்லை. கடைசியில் மூச்சு முட்டித்தான், வேறு வழியில்லாமல்தான், நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஒரு விரல் போனது. இன்னொன்று. இடையில் ஒரு வசவு நழுவியது, போன விரல் திரும்பி வந்தது. கூடத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். மறுபடி விட்டான்.

நாலாவது விரலின்போது அது நடந்தது. வலி இருந்தது. அதே இடத்தில், அதே அளவுக்கு இருந்தது. ஆனால் வலியோடு அவன் மூன்று வருஷமாக ஓயாமல் போட்டுவந்த சண்டை ஒரு நொடி நின்றது. இரண்டு பேர் கட்டிப்புரண்டு அடித்துக்கொள்ளும்போது நடுவில் மூச்சு வாங்க விலகி நிற்பார்களே, அப்படி. அடுத்த நொடியே பழையபடி பாய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு நொடியை அவன் பார்த்துவிட்டான்.

டிரைவருக்கு ஐந்து தையல். தண்டனையாக இரண்டு வாரம் டிரைவரின் துணிகளைச் சம்மட்டி துவைக்க வேண்டும் என்றார்கள். டிரைவர் வேண்டுமென்றே ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றினான்.

அதற்குப் பிறகு சம்மட்டி தினமும் போனான். முதலில் எட்டு நிமிஷம் தாங்கியது, பிறகு பதினைந்து. பல நாள் ஒரு பிரயோஜனமும் இல்லை. கையைத் தூக்கும்போது இடுப்பில் மின்சாரம் பாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பயில்வான் அக்கா யாருக்கும் ஆசை காட்டவில்லை. "வலி போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எனக்கு இன்னும் போகலை. இது வலியைக் குறைக்கிற வேலை இல்ல. வலி உங்களை வெச்சு என்னென்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கிற வேலை" என்பாள்.

அவன் கண்டுபிடித்தது இதுதான். அடிப்பதற்கு முன் முதலில் தாடை இறுகுகிறது. தாடைக்குப் பின் முதுகுத்தண்டின் இடப்பக்கத்துச் சதை கல்லாகிறது. அதற்கப்புறம்தான் விரல்கள் மடங்குகின்றன. வலிப்பதால் கோபம் வருகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். பாதி நாள் கோபம்தான் வலியை முறுக்கிக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்டதால் அவன் சாதுவாகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஐம்பதாம் நாள் சமையல்காரர் சாதம் குறைவாகப் போட்டார் என்று அடுப்படிக் கதவைக் குத்தி ஓட்டை போட்டான். ஆனால் சமையல்காரரைக் குத்தவில்லை. அவருடைய மூக்கு இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினான். அதை ஒரு முன்னேற்றம் என்று டிரைவர் மட்டும் ஒத்துக்கொண்டான்.

அறுபத்தெட்டாம் நாள் மதியம் அக்கா பார்க்க வந்தாள். மச்சானும் வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்வையாளர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அந்த அறை. அக்கா இளைத்திருந்தாள். வலது கையை மடியில் ஒரு பொருள்போல வைத்திருந்தாள். பெண்கள் முடிதிருத்தும் கடையில் பதினாறு வருஷம் கத்தரி பிடித்த கை அது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"நல்லா இருக்கியாடா? உடம்பு தேறியிருக்கே" என்று சிரித்தாள். "சாப்பாடெல்லாம் எப்படி? நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலடா. நடந்தது நடந்து போச்சு."

அவள் அன்பாகப் பேசினாள். சந்தேகம் வந்தது அதனால்தான். அவனுடைய அக்கா அன்பாகப் பேசும் ரகம் இல்லை. சின்ன வயதில் அவன் பல் விழுந்ததற்கே அவனைத்தான் திட்டியவள். மணிக்கட்டை உடைத்தவனிடம் இப்படித் தேன் ஒழுகப் பேச அவளால் முடியாது. உற்றுப் பார்த்தான். மூக்கை அடிக்கடி சொறிந்துகொண்டாள். நல்ல வெளிச்சமில்லாத அறையிலும் கண்மணிகள் ஊசி முனையாகச் சிறுத்திருந்தன. இமைகள் பாரமாக இறங்கி இறங்கி ஏறின. அந்த முகத்தை மூன்று வருஷம் கண்ணாடியில் பார்த்தவன் அவன்.

"எத்தனை போடுற?" என்றான்.

"என்னது எத்தனை?"

"ஒரு நாளைக்கு எத்தனைக்கா?"

"டாக்டர் குடுத்ததுடா. கை வலிக்கு."

"டாக்டர் ஆறு வாரம்தான் குடுத்திருப்பார். யார் குடுக்கிறா?"

அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டப் போனபோது அதன் வாயிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அதன் ஒரு மூலை கத்தரித்திருந்தது. தயாரிப்பு எண் அச்சிட்டிருக்கும் மூலையைக் கத்தரித்துவிட்டு விற்பது இந்த ஊரில் ஒரே ஒருவன்தான். கட்டுப்போட்ட கையோடு அக்கா படுத்துக் கிடந்தபோது பல்லி வீட்டுக்கு வந்திருக்கிறான். "தம்பி எங்கக்கா? உங்களுக்கு ரொம்ப வலிக்குதா?" என்று நலம் விசாரித்திருக்கிறான். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது அந்த வெட்டிய மூலை மட்டும்தான்.

பையை எட்டிப் பிடித்தான். அக்கா அலறினாள். போன தடவை கத்தாதவள், இந்தத் தடவை தொட்ட உடனேயே தொண்டை கிழிய அலறினாள். சத்தம் காதில் விழுந்ததும் அவன் கையை விட்டுவிட்டான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருந்தவருக்கு, விட்டது தெரியவில்லை. பிடித்ததுதான் தெரிந்தது.

மச்சான் கதவைத் திறந்துகொண்டு வரவில்லை. கதவோடு வந்தார். முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டு பல் உள்ளே போனது. இரண்டாவது குத்தில் அவன் பெஞ்சு மேல் விழுந்தான், பெஞ்சு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு குத்து இல்லை, உதைதான். தொழிற்சாலைப் பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது. விலாவில் ஒன்று, அதே இடத்தில் இன்னொன்று. எலும்பு உள்வாங்குவதை அவன் உணர்ந்தான். அடுத்த உதை இடுப்பில், எஞ்சின் அடித்த அதே இடத்தில் விழுந்தது. கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது.

கவிழ்ந்த பெஞ்சின் கழன்ற கால் ஒன்று அவன் கைக்கு எட்டியது. நல்ல கட்டை. நல்ல கனம். மச்சான் குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்க வரும்போது நெற்றிப்பொட்டு எங்கே வரும் என்று அவன் உடம்பு கணக்குப் போட்டுவிட்டது. ஒரே அடி. மனுஷர் எழுந்திருக்க மாட்டார். தாடை இறுகியது. முதுகு கல்லானது. விரல்கள் கட்டையைச் சுற்றி மடங்கின. மூன்றையும், ஒன்றன்பின் ஒன்றாக, வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். ரத்தத்தோடு மூச்சை வெளியே விட்டான். உடைந்த விலாவில் கத்தி இறங்கியது. இருந்தாலும் கடைசி வரை விட்டான். விரல்கள் பிரிந்தன. கட்டை உருண்டு போனது.

"அக்கா" என்றான். "நீயே சொல்லிடு."

"என்னடா சொல்லணும்? என்ன சொல்லணும்?" மச்சான் அவன் தலையைத் தரையில் மோதினார்.

"நாலு போடுறேன்" என்றாள் அக்கா சுவரோடு ஒட்டி நின்றபடி. "ஒரு நாளைக்கு நாலு. சில நாள் ஆறு. அவனை விடுங்க. என் பையிலதான் இருக்கு."

மச்சானின் கைகள் நின்றன. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மூலை கத்தரித்த அட்டைகள் ஐந்து விழுந்தன. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்.

"யார் குடுத்தான்?"

சம்மட்டிதான் சொன்னான். "பல்லி. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால. போன் கவர் கடை." தரையில் கிடந்தபடி, வாயில் ரத்தம் வழிய, ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாகச் சொன்னான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டிப் பெட்டியில பைப் ரெஞ்சு வெச்சிருக்கார்டா. கொன்னுட்டு வந்துடுவார். நான் இப்படி, அவர் ஜெயிலுக்கு, என் வீடே போச்சுடா!"

அவன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று தெரியாது. வாசலில் இல்லத்துக் காவலாளி மறித்தார். "வெளிய போனா உன் அறுபத்தெட்டு நாளும் போச்சு. திரும்ப ஒண்ணுலேர்ந்துதான்."

"போகட்டும்" என்றான்.

வாடகை வண்டிக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். பிறகு இவன் சொன்ன இடத்துக்கே ஓட்டினார்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே நாலைந்து பேர் நின்றார்கள், உள்ளே போக யாருக்கும் துணிச்சல் இல்லை. சம்மட்டி குனிந்து நுழைந்தான். கண்ணாடி அலமாரி முழுக்கத் தரையில் கிடந்தது. பல்லியின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. மச்சான் அவனுடைய வலது மணிக்கட்டை மேஜை விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"இந்தக் கைதானே குடுத்தது? இந்தக் கைதானே?"

ரெஞ்சு இறங்கியது. பல்லி ஊளையிட்டான். சம்மட்டி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. நன்றாக இருந்தது. தானே அடிப்பதுபோல அவனுடைய தோளும் ஒவ்வொரு அடிக்கும் துள்ளியது. பிறகு மச்சான் கையை விட்டுவிட்டு, பல்லியின் தலைமுடியைப் பிடித்து, ரெஞ்சைத் தலைக்கு மேல் ஓங்கினார். அப்போதுதான் சம்மட்டி பாய்ந்தான்.

ஓங்கிய கையைப் பிடித்தான். பிடித்தது யார் என்றுகூடப் பார்க்காமல் மச்சான் முழங்கையைப் பின்னால் வீசினார். உடைந்த விலாவில் பட்டது. சம்மட்டி மல்லாக்க விழுந்தான். கண்ணாடித் துண்டுகள் முதுகில் ஏறின. இடுப்பு பூட்டிக்கொண்டது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் பார்த்த வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கும் வலி.

அவனைச் சுற்றி மாத்திரைகள் கிடந்தன. உடைந்த இழுப்பறையிலிருந்து கொட்டிய நூற்றுக்கணக்கான மாத்திரைகள், வெள்ளையும் மஞ்சளுமாக. ஒன்று அவன் உதட்டிலிருந்து நாலு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. நாக்கை நீட்டினால் போதும். பல்லி அவனைப் பார்த்துவிட்டான். உடையாத இடது கையால் ஒரு அட்டையை அவன் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்க... எல்லாத்தையும் எடுத்துக்க... இவனைப் பிடி... பிடிடா..."

எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மயிர்க்காலும் கூவியது. பயில்வான் அக்காவின் கேள்விதான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது, கேலிபோல. வலிக்காத இடம் எது? காது மடல் கிழிந்திருந்தது. வாய், விலா, முதுகு, எதுவும் தேறவில்லை. தேடித் தேடி இடது உள்ளங்காலுக்குப் போனான். செருப்பு எங்கோ கழன்றிருந்தது. உள்ளங்காலுக்குக் கீழே தரை குளிர்ச்சியாக இருந்தது. அங்கே வலிக்கவில்லை. அந்த உள்ளங்கால் அளவு இடத்தில் போய் ஒண்டிக்கொண்டு மூச்சை விட்டான். உள்ளே இழுக்க முடியவில்லை, விலா தடுத்தது. இழுத்த மட்டும் இழுத்து, நீளமாக விட்டான். இன்னொன்று விட்டான். மூன்றாவதில் பூட்டு ஒரு நூல் அளவு கழன்றது. அது போதும். புரண்டு, மச்சானின் இரண்டு கால்களையும் அடியில் கட்டிப்பிடித்து, டயரைக் கழற்றுவதுபோல வாரிவிட்டான். மனுஷர் விழுந்ததும் முழு உடம்பையும் அவர் மேல் போட்டான்.

மச்சான் அவன் தோளைக் கடித்தார். சதை பிய்ந்தது. அவன் விடவில்லை. "போதும் மச்சான். செத்துடுவான். அப்புறம் அக்காவுக்கு யார் இருக்கா? நான் இருக்கேன்னா சொல்றது?" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். கடித்த வாய் கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தது. போலீஸ் வந்து பிரிக்கும் வரை இருவரும் அப்படியே கிடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்சு வலிக்கு ஊசி போடவா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல அவன் மூன்று முறை வாயைத் திறந்து மூட வேண்டியிருந்தது. அவனுடைய இடது முஷ்டியைப் பிரித்துக் காயம் துடைத்தபோது உள்ளே இரண்டு மாத்திரை இருந்தது, வியர்வையில் பாதி கரைந்து. எப்போது பொறுக்கினான் என்று சத்தியமாக அவனுக்கே தெரியவில்லை. பயில்வான் அக்கா பார்க்க வந்தபோது அதை மறைக்காமல் சொன்னான்.

"வாயில போடலையே?"

"போடலை."

"அப்ப சரி. ஒண்ணாம் நாள்லேர்ந்து ஆரம்பிங்கண்ணே" என்றாள்.

பல்லி பிழைத்துக்கொண்டான். தாடையில் கம்பி, வலது கை விரல்கள் இனி எதையும் பிடிக்காது. கடைத் தரையில் கிடந்த சரக்குக்காக அவனுக்கு நாலு வருஷம் கிடைத்தது. மச்சானுக்கு ஒன்றரை வருஷம். கோர்ட்டில் சம்மட்டி உள்ளதை உள்ளபடி சொன்னான். கடை எங்கே என்று தெரிந்தே சொன்னதையும், மூன்று அடி வரை பார்த்துக்கொண்டு நின்றதையும், அதற்கெல்லாம் முன்னால் அக்காவின் மணிக்கட்டை எப்படி உடைத்தான் என்பதையும் சேர்த்து. மச்சான் கூண்டிலிருந்து அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அக்கா அதே இல்லத்தின் பெண்கள் பகுதியில் சேர்ந்தாள். டாக்டர் மாத்திரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஐந்து வாரம் அவள் யாரையும் பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை. சம்மட்டி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்த கணக்கில் நாற்பதாம் நாள் காலையில், சாப்பாட்டுக் கூடத்து வகுப்பில் கடைசி வரிசையில் வந்து நின்றாள். கண்கள் குழி விழுந்து, தலை சீவாமல். அவன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பயில்வான் அக்கா அதைக் காட்டினாள்.

"அவன் பக்கத்துல நிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "அவன் மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

"அங்கேயே நில்லுங்க. கையை மெதுவாத் தூக்குங்க. வர்ற வரைக்கும் வந்தா போதும்."

இரண்டு கைகளும் எழுந்தன. இடது கை தோளுக்குப் போனது. வலது கை பாதியிலேயே நின்று நடுங்கியது. அக்காவின் முகம் கோணியது.

"ஐயோ, வலிக்குது! எல்லாம் இந்த நாயால! இவன் கையில புழு வைக்க! என் கையை முறிச்சிட்டு என்னைத் தாண்டிக்கிட்டுப் போனான் பாவி!"

தொண்ணூறு நாள் முடிந்த பிறகும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். சம்மட்டி தூக்கிய கைகளோடு அப்படியே நின்றான்.

பயில்வான் அக்கா நொண்டி நொண்டி அவளிடம் போனாள். நடுங்கும் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"திட்டுங்க, வேண்டாங்கலை. ஆனா கையை இறக்கும்போது திட்டுங்க. மூச்சு வெளிய போகும்போது. இழுக்கும்போது திட்டினா தோள் இறுகிடும்."

அக்கா அவளை முறைத்தாள். பிறகு மூச்சை இழுத்தாள். கை பாதி தூரம் ஏறியது. இறக்கும்போது, பன்னிரண்டு எண்ணும் வரை, நிறுத்தி நிதானமாக ஒரு வசவு வைதாள். அடுத்த மூச்சுக்கு அடுத்த வசவு. அவன் பிறந்த நாளில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் அவன் பல்பம் திருடியது, அப்பாவின் சட்டையைக் கொளுத்தியது, அந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சான் ஜெயிலில் சாப்பிடும் சோறு என்று வரிசையாக வந்தாள். ஒன்றையும் விடவில்லை. பதினைந்து பேரும் அவளுடைய வசவின் கணக்குக்கே கையை இறக்கினார்கள். வேறு எண்ணிக்கை தேவைப்படவில்லை.

சம்மட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூஞ்சி தன் கண்ணில் படக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். முதுகு அவள் பக்கம் இருந்தது. ஒவ்வொரு வசவும் அங்கேதான் விழுந்தது. வாங்கிக்கொண்டு கையைத் தூக்கினான், இறக்கினான். நாற்பது நிமிஷத்துக்கும் அவளிடம் சரக்கு இருந்தது. வகுப்பு முடிந்து மேஜைகளைத் திரும்ப இழுத்துப் போடும்போது, மூச்சு வாங்க, "இன்னும் பாதிகூட ஆகலை. நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று பயில்வான் அக்காவிடம் கேட்டாள்.